செம்புள்ளியும் சுடுவோர் கண்ணும்

துரோணாசாரியர் தம் மாணாக்கரைச் சோதித்த கதை யாவரும் அறிந்ததே. மரக்கிளையில் ஒரு பொய்ப் பறவையை வைத்து, "உனக்கு என்ன தெரிகின்றது?" என்று ஒவ்வொருவரையும் அவர் வினவினார். மரமும் கிளையும் உடனிருந்தோரும் தெரிவதாகப் பலர் கூறினர். பறவையின் தலை ஒன்றே தெரிகின்றது என்றான் அர்ச்சுனன். கண் இலக்கின்மீதே நிற்க வேண்டும் என்பது அக்கதை கற்பிக்கும் பாடம்.

கைத்துப்பாக்கி தோன்றிய பின்னர், விந்தையாக, இப்பாடம் தலைகீழாயிற்று. குழலின் முன்னுனியில் ஒரு சிறு முனை. பின்புறத்தில் நடுவே பள்ளமுள்ள ஒரு தகடு. இவற்றை முன்குறி, பின்குறி என்பர். சுடுபவர் பின்குறியின் பள்ளத்தினூடே முன்குறியைக் கண்டு, அதனை இலக்கின்மேற் பொருத்த வேண்டும். இவை மூன்றும் மூன்று தூரங்களில் உள்ளன. மனிதக் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தையே தெளிவாகக் காண வல்லது. ஆதலின், "இலக்கு மங்கினாலும் மங்குக, முன்குறி தெளிவாயிருக்கட்டும்" என்று ஆசிரியர்கள் கற்பித்தனர். தான் அடைய வேண்டிய பொருளைவிட்டுக் கையிலுள்ள இரும்பைப் பார்க்கப் பழகுவதே பயிற்சியின் பெரும்பகுதியாயிற்று.

அவ்வாறு கற்பித்தமைக்குத் தக்க காரணம் உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 16 சென்ரிமீற்றர் தூரம் உள்ளதெனக் கொள்வோம். அவ்விரண்டும் ஒன்றற்கொன்று ஒரு மில்லிமீற்றர் பிசகினால், 25 மீற்றர் தொலைவில் ரவை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் விலகிச் செல்லும். நாற்பது வயதைக் கடந்தோருக்கு இத்தொல்லை மேலும் பெருகும். கைநீள தூரத்திலுள்ள முன்குறியைத் தெளிவாகக் காணும் ஆற்றல் வயதோடு குறைகின்றது. கையுறுதியும் பயிற்சியும் குன்றாத பலர், கண் ஒத்துழையாமையினாலேயே போட்டிகளிலிருந்து விலகியதுண்டு.

இக்குறையைத் தீர்க்க வந்ததே செம்புள்ளிக் குறிநோக்கி. தீப்பெட்டியளவேயான ஒரு கருவி. அதில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம். அச்சாளரத்திலே மிதப்பதுபோலத் தோன்றும் ஒரு சிவந்த ஒளிப்புள்ளி. இதன் அமைப்பு எளியது. கருவியின் பின்பகுதியில் எல்.ஈ.டி. எனப்படும் நுண்விளக்கு ஒன்று உள்ளது. முன்னுள்ள வளைந்த வில்லையின்மீது, குறித்த சிவப்பு நிற ஒளியை மட்டும் திருப்பி மற்றைய ஒளியை உள்ளே விடும் மென்பூச்சு இருக்கின்றது. விளக்கு அவ்வில்லையின் குவியத்தில் நிற்பதனால், திரும்பிவரும் கதிர்கள் சமாந்தரமாகின்றன. ஆகவே புள்ளி கண்ணாடியின்மேல் அன்றி, நெடுந்தொலைவில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். இலக்கை நோக்கிய கண் இலக்கையே நோக்கிக்கொண்டிருக்கலாம். புள்ளி தானாக வந்து அதன்மேல் அமரும். அர்ச்சுனன் கற்ற பாடம் மீண்டும் பொருந்துவதாயிற்று.

இக்கருத்து புதிதன்று. தொலைநோக்கிகள் செய்வதிற் பெயர்பெற்ற டப்ளின் நகரத்துச் சேர் ஹவார்ட் கிரப் என்பார் 1900 ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிரதிபலிப்புக் குறிநோக்கிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அது போர்விமானங்களில் இடம்பெற்றது. 1975 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு எய்ம்பொயின்ற் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் செம்புள்ளி நோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1990 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் நடைபெற்ற நடைமுறைச் சுடுதல் உலகப் போட்டியில், அமெரிக்கரான டக் கேனிக் இத்தகைய நோக்கியைப் பொருத்திய கைத்துப்பாக்கியால் வாகை சூடினார். அந்நாளைய நோக்கிகள் நீண்ட குழாய் வடிவின. துப்பாக்கியின் உடற்சட்டத்தில் தாங்கி அமைத்தே அவற்றைப் பூட்டினர். காலப்போக்கில் நோக்கி சிறுத்தது. 2009 இல் வெளிவந்த திரிஜிக்கன் ஆர்.எம்.ஆர். போன்றவை மின்கலத்தோடும் 34 கிராமுக்குள் அடங்கின. சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதியாகிய சிலைட்டின்மீதே நோக்கியைப் பூட்டும் வழக்கம் இதனாற் பரவிற்று.

எல்லாப் போட்டிகளிலும் இதற்கு இடமில்லை என்பதை முதலிலேயே அறிந்துகொள்ளல் வேண்டும். ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டிகளை நெறிப்படுத்தும் சர்வதேசச் சம்மேளனம் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் திறந்த இரும்புக் குறிகளையே அனுமதிக்கின்றது. 1976 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் உருவான நடைமுறைச் சுடுதல் சம்மேளனமோ இந்நோக்கிகளுக்கெனத் தனிப் பிரிவுகளை வகுத்துள்ளது. சிலைட்டில் நோக்கி பூட்டிய தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்கான பிரிவு, 2022 இல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த உலகப் போட்டியிலும் இடம்பெற்றது. எனவே நோக்கியைத் தேடுமுன், தாம் புகவிருக்கும் பிரிவின் விதிகளைப் படித்தறிதல் போட்டியாளரின் முதற் கடமையாகும்.

இனி, இத்தெரிவு எத்துணைப் பொறுப்புடையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். நடைமுறைச் சுடுதலிற் பெற்ற புள்ளிகளை எடுத்த நேரத்தால் வகுத்தே மதிப்பெண் காண்பர். ஓராண்டு விடியற்காலந்தோறும் பயின்ற ஒருவர், தொலைதூரம் பயணஞ்செய்து போட்டிக்கு வருகின்றார். மணி ஒலிக்கின்றது. உறையிலிருந்து துப்பாக்கி எழுகின்றது. மூன்றாவது இலக்கை நோக்கும்போது சாளரத்திலே புள்ளியைக் காணோம். மின்கலம் தளர்ந்ததோ, திருகாணி நெகிழ்ந்ததோ, உள்ளேயுள்ள நுண்கம்பி அற்றதோ, ஆராய நேரமில்லை. தம் கருவி பழுதுபட்டதற்காக மீண்டும் சுடும் வாய்ப்பை விதிகள் வழங்குவதில்லை. ஓராண்டு உழைப்பு ஒரு கணத்தில் வீணாகின்றது. கடையிலே புள்ளி எவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தது என்பது அவ்வேளையில் எப்பயனும் தராது. அது நிலைத்து நின்றதா என்பதே கேள்வி.

தெரிவு செய்யும்போது முதலில் நோக்க வேண்டுவது வாங்குவோரின் கண்ணையே. விழியின் முன்படலம் எல்லாத் திசைகளிலும் ஒரே வளைவுடையதாக இராவிடின், வட்டமான புள்ளி அவருக்கு வால்நட்சத்திரம் போலவோ உடைந்த சிதறலாகவோ தோன்றும். மருத்துவர் இக்குறையை அஸ்ரிக்மற்றிசம் என்பர். கருவியிற் குறையா, கண்ணிற் குறையா என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு. நோக்கியை அசையாமல் வைத்துக்கொண்டு தலையை மெல்லச் சாய்க்க வேண்டும். புள்ளியின் வாலும் தலையோடு சேர்ந்து சுழலுமாயின், குறை கண்ணினுடையது. ஒளிப்படக் கருவியினால் அப்புள்ளியைப் படம்பிடித்துப் பார்ப்பதும் ஐயத்தைத் தீர்க்கும். கண்ணாடி அணிபவர்கள் அதனை அணிந்தே சோதிக்க வேண்டும். ஒளியைக் குறைத்தால் சிதறலும் பெரும்பாலும் குறையும்.

அடுத்தது புள்ளியின் பருமன். இதனைக் கோண அளவிற் குறிப்பர். ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. ஒரு கலை 25 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றரை மறைக்கும். மூன்று கலைப் புள்ளி அத்தொலைவில் 22 மில்லிமீற்றரையும், ஆறு கலைப் புள்ளி 44 மில்லிமீற்றரையும் மறைக்கும். அமெரிக்க நடைமுறைச் சுடுதல் இலக்கின் உயர்மதிப்புப் பகுதி 15 சென்ரிமீற்றர் அகலமுடையது. ஆதலின் ஆறு கலைப் புள்ளியும் அதனுள் நன்றாக அடங்கும். விரைவிற் கண்ணுக்கும் படும். சிறிய உருக்குத் தட்டுகளைத் தொலைவிலிருந்து நிதானமாகச் சுடுவோருக்குச் சிறு புள்ளியே உகந்தது. பெரும் புள்ளி வேகத்துக்கும் சிறு புள்ளி நுட்பத்துக்கும் துணை என்று சுருக்கமாகக் கூறலாம்.

சாளரத்தின் அகலம் மற்றொன்று. அகன்ற சாளரத்திற் புள்ளி விரைவில் அகப்படும் என்பர். அது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. துப்பாக்கியை ஒரே பாங்கில் உயர்த்தப் பழகாதவருக்கு எந்தச் சாளரத்திலும் புள்ளி மறைந்தே நிற்கும். பழகியவருக்கோ சிறு சாளரமும் போதும். அகன்ற கண்ணாடி பாரத்தையும் உயரத்தையும் கூட்டும் என்பதையும் மறத்தலாகாது.

விளக்கு திறந்த வெளியில் உள்ள நோக்கி, இருபுறமும் கண்ணாடியிட்டு மூடப்பட்ட நோக்கி என இருவகை உண்டு. திறந்த வகை பாரமற்றது, விலையும் குறைவு. ஆயினும் ஒரு மழைத்துளியோ தூசியோ விளக்கின்மேல் விழுந்தால் புள்ளி சிதறும், அன்றி மறையும். 2019 இல் எய்ம்பொயின்ற் நிறுவனம் வெளியிட்ட அக்ரோ போன்ற மூடிய வகைகள் இத்தீங்கினின்றும் தப்புகின்றன. பாரம் மட்டும் 60 கிராம் அளவுக்கு உயர்கின்றது. கூரையின்கீழ்ச் சுடுபவர் திறந்த வகையோடு நிறைவடையலாம். மழையிலும் புழுதியிலும் சுடுபவர் மூடிய வகையை எண்ணிப் பார்த்தல் நன்று.

மின்கலத்தை எங்ஙனம் மாற்றுவது என்பதையும் வாங்குமுன் கேட்டறிய வேண்டும். மேலோ பக்கத்திலோ மூடியுடைய நோக்கியிற் கலத்தை எளிதில் மாற்றலாம். ஆரம்பகால ஆர்.எம்.ஆர். போன்று கலம் அடியில் அமைந்தவற்றில், நோக்கியையே கழற்ற நேரும். கழற்றிப் பூட்டிய பின் மீண்டும் குறி சரிபார்க்கவும் நேரும். ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பிலும் ஒரு வஞ்சகம் உண்டு. சுடுபவர் நிழலில் நிற்க, இலக்கு வெயிலில் இருப்பின், கருவி நிழலையே உணர்ந்து புள்ளியை மங்கச் செய்யும். வெள்ளை இலக்கின்மேற் புள்ளி கரைந்து போகும். போட்டிக்குக் கையால் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் உள்ள நோக்கியே நம்பகமானது.

நோக்கி எத்துணை நல்லதாயினும், அது அமரும் இடம் செவ்வையாயில்லையேல் யாவும் பாழ். நோக்கிகளின் அடிப்பாகங்கள் ஒரே அளவின அல்ல. ஆகவே துப்பாக்கிக்கும் நோக்கிக்கும் இடையே ஓர் இணைப்புத் தகட்டை வைப்பதுண்டு. அல்லது அந்நோக்கிக்கெனவே சிலைட்டைக் கடைந்து இடமமைப்பதுண்டு. தகட்டு முறை வசதியானது. எனினும் தகடும் அதற்குரிய திருகாணிகளும் நெகிழ்வதற்குரிய மேலுமோர் இடத்தைத் தருகின்றன. திருகாணியின் நீளமும் முக்கியம். மிகக் குறுகியதாயின் பிடி போதாது. மிக நீண்டதாயின் சிலைட்டினுள்ளே பொறியைத் தட்டி, வெற்றுக்கோதை வெளியேற்றும் தொழிலைத் தடுத்துவிடும். செய்தோர் குறித்த முறுக்க அளவிலேயே இறுக்கி, திருகாணிப் பசையிட்டு, திருகாணித் தலையிலிருந்து நோக்கியின் உடல்வரை ஒரு மெல்லிய மைக்கோடு இழுத்து வைத்தல் வேண்டும். கோடு முறிந்திருந்தால் திருகாணி அசைந்தது என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கும்.

வாங்கியபின் சோதனை தொடங்குகின்றது. எச்சோதனைக்கும் முன்னர், துப்பாக்கியில் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதிசெய்தல் விதி. ரவைப்பெட்டி வேறு இடத்தில் இருத்தல் நன்று. சுடும் சோதனைகளை அனுமதி பெற்ற சுடுகளத்தில் மட்டுமே நிகழ்த்த வேண்டும்.

முதற் சோதனைக்கு ரவையே வேண்டியதில்லை. துப்பாக்கியை ஒரு பிடியில் அசையாமற் பூட்டி, 10 மீற்றர் தொலைவிற் சதுரக் கட்டமிட்ட தாளொன்றைத் தொங்கவிட வேண்டும். துப்பாக்கியைத் தொடாது, தலையை மட்டும் இடமும் வலமும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க, புள்ளி தாளின்மேல் எவ்வளவு நகர்கின்றது என்பது தெரியும். நல்ல நோக்கியில் அந்நகர்வு சாளரத்தின் அகலத்தை மிஞ்சாது. பல மடங்கு நகருமாயின், விளக்கு வில்லையின் குவியத்தில் அமையவில்லை என்பது பொருள். அத்தகைய கருவியை உடனே திருப்பிக் கொடுத்தல் தகும்.

இரண்டாவது, திருத்தும் திருகுகளின் நேர்மை. ஒரு சொடுக்கு ஒரு கலையாயின், 10 மீற்றரில் இருபது சொடுக்குகள் புள்ளியை ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் நகர்த்த வேண்டும். இருபது வலம், இருபது மேல், இருபது இடம், இருபது கீழ் எனத் திருப்பினால், புள்ளி ஒரு சதுரத்தை வரைந்து, புறப்பட்ட இடத்துக்கே மீள வேண்டும். மீளாத நோக்கியிற் குறிசேர்த்தல் என்றும் முடியாத வேலையாகும். இதனைச் சுட்டுச் சோதிப்பதிலும் இவ்வாறு பார்த்துச் சோதிப்பதே மேல். சுடும்போது கையின் பிழையும் ரவையின் பிழையும் கருவியின் பிழையோடு கலந்துவிடும்.

மூன்றாவது, குறிசேர்த்தல். மணற்பைகளின்மேற் கையை ஊன்றி, 25 மீற்றரில் நிதானமாகச் சுட வேண்டும். மூன்று ரவைகளின் தடத்தைக் கண்டு திருகைத் திருப்புவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் தற்செயலைத் துரத்துகின்றனர். பத்து ரவைகளைச் சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் கணித்து, அதன்பின் ஒரே முறையில் திருத்துவதே சிக்கனம். நோக்கி குழலுக்கு மேலே இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 25 மீற்றருக்குக் குறிசேர்த்த துப்பாக்கி, 5 மீற்றரிற் புள்ளிக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் கீழே அடிக்கும். அருகிலுள்ள இலக்கின் ஒரு பகுதி மறைக்கப்பட்டிருக்கும்போது இவ்விரண்டு சென்ரிமீற்றரே புள்ளிகளைப் பறித்துவிடும்.

நான்காவதே மிகக் கடினமான சோதனை. அது பொறுமையைக் கேட்பது. ஒவ்வொரு வேட்டின்போதும் சிலைட் பின்னே பாய்ந்து மோதுகின்றது. முன்னே பாய்ந்து மீண்டும் மோதுகின்றது. நோக்கியின் நுண்விளக்கும் மின்கலத் தொடுகைகளும் ஒரு வேட்டுக்கு இருமுறை சம்மட்டி அடி பெறுகின்றன என்னலாம். நூறு ரவைகளைத் தாங்கிய நோக்கி ஆயிரத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் வழக்கமான பயிற்சியையே சோதனையாக்கி, 200 ரவைகளுக்கு ஒருமுறை மைக்கோட்டைப் பார்த்து, 500 ரவைகளுக்கு ஒருமுறை மீண்டும் பத்து ரவைகளாற் குறியைச் சரிபார்த்து, யாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். இவ்வாறு ஈராயிரம் ரவைகள் கடந்தபின்னும் குறி மாறாதிருக்கும் நோக்கியையே போட்டிக்கு எடுத்துச் செல்லலாம். நோக்கியின் பாரத்தால் சிலைட்டின் வேகம் குறைந்து ரவைகள் சிக்குகின்றனவா என்பதும் இதற்குள் வெளிப்பட்டுவிடும். அவ்வாறாயின் மீள்வில்லை மாற்ற நேரும்.

இடையே வேறு சில சிறு சோதனைகளும் உண்டு. நண்பகல் வெயிலில் வெள்ளைத் தாளின்மேற் புள்ளி தெரிகின்றதா? நிழலில் நின்று வெயிலை நோக்கினால் தெரிகின்றதா? சாளரத்தில் நீர் தெளித்தால் என்னவாகின்றது? குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தவுடன் கண்ணாடியில் ஆவி படர்கின்றதா? இறுதியாக, நோக்கியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, 7 மீற்றரில் இலக்கைச் சாளரத்தின் நடுவே வைத்துச் சுட்டுப் பார்த்தல் வேண்டும். புள்ளியின்றியும் அண்மை இலக்குகளை அடிக்க இயலும் என்பதை அறிந்தவர், போட்டியின் நடுவே புள்ளி மறைந்தாலும் திகைத்து நில்லார்.

கருவியின் சோதனை முடிந்தபின் எஞ்சுவது மனிதனின் சோதனை. செம்புள்ளியை முதன்முறை காண்போர் பெரும்பாலும் மனங்கலங்குவர். புள்ளி ஓயாமல் நடுங்குகின்றது. இரும்புக் குறியிலும் கை இவ்வாறே நடுங்கியது. அது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே வேறுபாடு. நடுங்கும் புள்ளி இலக்கின் நடுவைக் கடக்கும் கணத்திற் சுட்டுவிடலாமென எண்ணி விசையை வெடுக்கென இழுப்பவர் இலக்கைத் தவறவிடுவர். நடுக்கத்தை ஏற்றுக்கொண்டு, புள்ளி இலக்கினுள்ளே உலவ விட்டு, விசையை நேராகவும் மெதுவாகவும் அழுத்துபவரின் ரவை, அந்நடுக்கத்தின் எல்லைக்குள்ளேயே சென்று விழும். இதனை வீட்டிலேயே, ரவையில்லாத துப்பாக்கியை ஒரு வெற்றுச் சுவரை நோக்கிப் பிடித்து, நாள்தோறும் பத்து நிமிடம் பயிலலாம். துப்பாக்கி உயர்ந்தவுடன் புள்ளி சாளரத்தில் நிற்கும்வரை அப்பயிற்சி தொடர வேண்டும். அதன்பின் நேரங்காட்டியைத் துணைக்கொண்டு, இரும்புக் குறியாற் பத்து முறையும் செம்புள்ளியாற் பத்து முறையும் சுட்டு, நேரத்தையும் தடங்களையும் அருகருகே எழுதிப் பார்க்கலாம். எது தமக்கு உதவுகின்றது என்பதை அவ்விரு நிரைகளே சொல்லிவிடும். விளம்பரம் சொல்ல வேண்டியதில்லை.

விலையுயர்ந்த நோக்கி எனினும் சோதியாது நம்பத்தக்கதன்று. விலை குறைந்ததாயினும் ஈராயிரம் ரவைகளும் மழையும் வெயிலும் கடந்து குறி மாறாதது நம்பத்தக்கது. போட்டிக் களத்திலே மணி ஒலிக்கும்போது சுடுபவரின் மனத்தில் ஐயம் ஒன்றிருப்பின், அவர் கண் இலக்கைவிட்டுக் கருவிக்குத் திரும்பிவிடும். அந்த ஐயத்தைச் சுடுகளத்திலேயே, குறிப்பேட்டின் பக்கங்களிலேயே தீர்த்துவிட்டு வருபவருக்குக் கருவி என்ற நினைவே எழுவதில்லை. அவருக்குப் பறவையின் தலை ஒன்றே தெரியும்.